லயத்து வீட்டுக்கு என்ன விலை? பழைய வரிசை வீடு வாங்க, விக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

கம்பம், போடி, குமுளி பக்கம் இப்ப அடிக்கடி வர்ற கேள்வி இது. "அண்ணே, ஒரு பழைய லைன் வீடு விலைக்கு வருது, ஒரே வரிசையில எட்டு வீடு, அதுல ஒண்ணு, ரொம்ப கம்மியாத்தான் சொல்றாங்க, வாங்கலாமா?" ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது, ஏன்னா பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வரிசை வீட்டுல ஒண்ணுக்கு எட்டு லட்சம் பத்து லட்சம்னு விலை இருக்கும், இன்னொண்ணுக்கு பத்து பைசா கூட இருக்காது. ரெண்டுக்கும் வயசு ஒண்ணு, செவரு ஒண்ணு, கூரையும் ஒண்ணு. பத்திரம் பட்டா எதுவும் பழக்கமில்லாதவங்களுக்கும் புரியற மாதிரி இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, காரணம் காலம்பூரா கொழுந்து கிள்ளி சேத்த காசை கொண்டு போய் பேப்பரே இல்லாத வீட்டுல போட்டு ஏமாந்தவங்க எங்க சொந்தத்துலயே உண்டு.

முதல்ல வரிசை வீடுன்னா என்னன்னு பாத்துருவோம், லைன் வீடுன்னும் சொல்லுவாங்க, தேயிலை எஸ்டேட்ல இதுக்குப் பேர் லயம். பக்கத்து வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரே செவரு, அது ரெண்டு பேருக்கும் பொது, மேல கூரை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடும், முன்னாடி ஒரு வராண்டா, உள்ள ஒரு ரூம், பின்னாடி அடுப்படி. தொழிலாளிக்கு வீடு கட்டுன முதலாளிங்க எல்லா ஊர்லயும் இதைத்தான் கட்டியிருக்காங்க. பத்து தனி வீடுன்னா இருபது பக்கச் செவரு எழுப்பணும், வரிசையா கட்டுனா பதினொண்ணு போதும், நிலமும் கம்மியாப் பிடிக்கும், எல்லாரும் ஒரே இடத்துல இருந்தா காலையில மஸ்டருக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கறதுக்கு, ஆள் சேக்கறதும் சுலபம்.

மூணாறு மலையை 1877-ல ஜான் டேனியல் மன்ரோங்கிற வெள்ளைக்காரர் பூஞ்சார் ராஜாகிட்ட குத்தகைக்கு வாங்குனாரு. பின்னாடி தேயிலை வந்துச்சு, தேயிலைக்கு ஆள் வேணும்னு கங்காணிங்க திருநெல்வேலி மதுரைப் பக்கமெல்லாம் போய் நம்ம ஆளுங்களை மலை ஏத்துனாங்க. அவங்களைத் தங்க வைக்க கட்டுனதுதான் லயம். பிரிட்டன்ல அதுக்கு முன்னாடியே இந்தக் கதை நடந்து முடிஞ்சிருச்சு, மான்செஸ்டர் லீட்ஸ் லிவர்பூல்ல பஞ்சாலை, கம்பளி மில்லு, துறைமுகத்துக்குப் பக்கத்துல, சவுத் வேல்ஸ்ல நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்துல, தெருத்தெருவா செங்கல் வரிசை வீடு, கீழ ரெண்டு ரூம் மேல ரெண்டு ரூம். பின்பக்கமும் இன்னொரு வரிசை ஒட்டிக்கிட்டு, மூணு பக்கம் ஜன்னலே இல்லாத வீடுங்களும் ஏகப்பட்டது இருந்துச்சு, ஆளுங்க நோய் வந்து செத்தப்புறம்தான் சட்டம் கண்ணு திறந்துச்சு. 1875 பொது சுகாதாரச் சட்டம் வந்து தெரு இவ்வளவு அகலம் இருக்கணும், கொல்லைப்பக்கம் வழி இருக்கணும்னு ஊருக்கு ஊர் விதி போட்டாங்க, 1909-ல அந்த முதுகோட முதுகு ஒட்டுன வீடு புதுசா கட்டக் கூடாதுன்னே தடை.

அந்தத் தொழிலாளி வீடுங்க இன்னைக்கு அங்க எப்படி இருக்குன்னா, இங்கிலாந்துல இருக்குற வீடுகள்ல நாலுல ஒண்ணுக்கு மேல இந்த மாதிரி வரிசை வீடுதான். பிராட்ஃபோர்டு பக்கத்துல சால்டேர்னு ஒரு ஊர், டைட்டஸ் சால்ட்ங்கிற கம்பளி மில்லு முதலாளி 1850-கள்ல தன்னோட தொழிலாளிங்களுக்காக கட்டுன ஊர், 2001-ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடம்னு அறிவிச்சிருச்சு. அந்த வீட்டை இன்னைக்கு யாரு வேணா ரெஜிஸ்டர் பண்ணி வாங்கலாம் விக்கலாம். நம்ம மூணாறுலயோ பீர்மேட்டுலயோ அதே மாதிரி நூறு வருஷ லயம் இருக்கு, தாத்தா பிறந்து அப்பா பிறந்து மகனும் அங்கேயே பிறந்திருப்பான், ஆனா அந்தக் குடும்பத்துக்கு அந்த வீட்டோட விலை சைபர். இது ஏன்னு புரிஞ்சா வரிசை வீட்டோட மதிப்புங்கிற விஷயம் மொத்தமும் புரிஞ்ச மாதிரி.

ஒரு வீட்டு விலைன்னு நாம சொல்றதுக்குள்ள மூணு விலை ஒளிஞ்சிருக்கு. அடியில இருக்குற மண்ணோட விலை, மேல நிக்கிற கட்டடத்தோட விலை, இது ரெண்டையும் என் பேர்ல வச்சுக்கிட்டு நான் நினைச்சா விக்கலாம்ங்கிற உரிமையோட விலை. மூணாவது இல்லைன்னா முதல் ரெண்டும் வேற யாரோட கணக்குலயோ போய் உக்காந்துக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், இது புரியறதுக்காக நான் போடுற நம்பர், எந்த ஊரோட ரேட்டும் கிடையாது. எட்டு வீடு வரிசை, மொத்தம் பத்து சென்ட். ஒரு வீட்டுக்கு ஒண்ணேகால் சென்ட் வருது, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்ப நம்ம பங்கு ஏறக்குறைய 544 சதுர அடி. சென்ட் அஞ்சு லட்சம்னு வச்சுக்கிட்டா மண்ணு 6.25 லட்சம். கட்டடம் 300 சதுர அடி, இன்னைக்கு புதுசா கட்டுனா சதுர அடி 2000 ரூபாய்னு வைங்க, ஆறு லட்சம் ஆகும். ஆனா இது 40 வருஷப் பழசு. வேல்யூயர்னு பேங்க்ல இருந்து வர்றவர் எப்படி பாப்பாருன்னா, இந்தக் கட்டடத்தோட ஆயுசு 60 வருஷம், கடைசியில இடிச்சாலும் மரம் கல்லுன்னு பத்து சதவீதம் தேறும், மீதி 90 சதவீதம் 60 வருஷத்துல கரையுது, 40 வருஷத்துல 60 சதவீதம் கரைஞ்சிருச்சு. அப்ப மிச்சம் 40 சதவீதம், அதாவது 2.4 லட்சம். ரெண்டையும் கூட்டுனா 8.65 லட்சம். கட்டடம் வருஷா வருஷம் இறங்கிட்டே போகும், மண்ணு மட்டும்தான் ஏறும், அதனால பழைய வரிசை வீடு வாங்குறவங்க "செவரு நல்லா கெட்டியா இருக்குங்க"ன்னு புரோக்கர் சொல்றதுல மயங்க வேண்டாம், உங்க பங்குக்கு மண்ணு எவ்வளவு வருது, அது எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு, இதை முதல்ல கேளுங்க.

அந்த 8.65 லட்சம் அப்படியே கைக்கு வராது. வரிசை வீட்டுக்குன்னு சில கழிவு இருக்கு. உங்க வீட்டை மட்டும் இடிச்சுக் கட்ட முடியாது, ரெண்டு பக்கமும் செவரு பொது, நீங்க கடப்பாரை வச்சா பக்கத்து வீட்டு அடுப்படி விரிசல் விடும், மேல மாடி எடுக்கணும்னா அந்தப் பழைய செவரு தாங்காது, தூண் போட இடம் கிடையாது. எட்டு வீட்டுக்கும் ஒரு சாக்கடை, ஒரு தண்ணித் தொட்டி, சில இடத்துல கக்கூஸ் கூட பொதுதான். ரோட்டுல இருந்து உள்ள வர்ற சந்து யார் பேர்ல இருக்குங்கிறது பெரிய விஷயம், முதல் வீட்டுக்காரர் பேர்ல இருந்தா அவர் நாளைக்கு கேட் போட்டா நீங்க எங்க போய் நிப்பீங்க, அதனால நடைபாதை உரிமை பத்திரத்துலயே எழுதி இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. அதேபோல கடைசி வீடு, மூலை வீட்டுக்கு நடு வீட்டை விட எப்பவும் ஒரு படி விலை கூட, ஒரு பக்கம் திறந்து கிடக்குறதால காத்தும் வெளிச்சமும் வரும், ஜன்னல் வைக்கலாம், ஓரமா படி ஏத்தலாம்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, எட்டு வீட்டையும் தனித்தனியா வித்தா வர்ற விலையை விட எட்டையும் சேத்து ஒரே பத்து சென்ட் மனையா வித்தா வர்ற விலை அதிகம். தனி வீட்டுக்கு இருக்குற பொதுச் செவரு தொல்லை, சந்துத் தொல்லை எல்லாம் மொத்தமா வாங்குறவனுக்கு இல்லவே இல்ல, இடிச்சுட்டு லாட்ஜ் கட்டுவான். அதனாலதான் மெயின் ரோட்டுப் பக்கம் இருக்குற வரிசையில ஒரே ஆள் ஒவ்வொரு வீடா சத்தமில்லாம வாங்கிட்டே வருவாரு, ஆறு ஏழு வாங்குனப்புறம் கடைசி ஒரு வீட்டுல வயசானவங்க மட்டும் இருப்பாங்க, அவங்களை வழிக்கு கொண்டு வர என்னென்னவோ பண்ணுவாங்க. நீங்க அந்த மாதிரி வரிசையில இருந்தா அக்கம்பக்கத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுங்க, ஒண்ணா விலை பேசுனா ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூட கிடைக்கும். தனியா முதல்ல வித்தவங்களுக்குத்தான் எப்பவும் கம்மி விலை.

இப்ப அந்த மூணாவது விலைக்கு வருவோம், என் மனசு கிடந்து அடிச்சுக்கறது இங்கதான். வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குல நிறைய வீடு 99 வருஷ குத்தகை மண்ணுல கட்டுனது, மண்ணு ஜமீன்தார் மாதிரி ஒரு பெரிய குடும்பத்துக்கு சொந்தம். 99 வருஷம் முடிஞ்சா மண்ணோட சேத்து வீடும் அவங்களுக்கே திரும்பிப் போயிரும். 1950, 60-கள்ல அந்த குத்தகை எல்லாம் முடியற நேரம் வந்தப்ப, வாழ்நாள் பூரா கரி வெட்டுன ஆளுங்க சொந்த வீட்டுல இருந்து வெளிய போற நிலைமை. பெரிய கொந்தளிப்பு ஆகி 1967-ல குத்தகைச் சீர்திருத்தச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நீண்ட குத்தகை வீட்டுல குடியிருக்குறவர் அடிமண்ணையே விலை கொடுத்து வாங்கிக்கலாம்னு உரிமை. அந்த ஒரு சட்டத்துல, நேத்து வரைக்கும் கரைஞ்சுட்டு இருந்த வீட்டு விலை திரும்ப உயிர் பிடிச்சிருச்சு. அதே செங்கல், அதே கூரை.

நம்ம பக்கம் மாஞ்சோலையை எடுத்துக்கோங்க, திருநெல்வேலி மாவட்டம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கயும் 99 வருஷ குத்தகைதான், சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 1929-ல எடுத்தது, 2028-ல முடியுது. ஆனா வேல்ஸுக்கும் மாஞ்சோலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம், அங்க குத்தகை குடியிருந்தவங்க பேர்ல, இங்க குத்தகை கம்பெனி பேர்ல. லயத்துல நாலு தலைமுறை இருந்தவங்களுக்கு எந்தத் தாளுலயும் பேர் கிடையாது. அதனால 2024-ல கம்பெனி விருப்ப ஓய்வு குடுத்து மலையை விட்டு இறங்கச் சொன்னப்ப அவங்க கையில விக்கறதுக்கோ அடமானம் வைக்கறதுக்கோ ஒரு சதுர அடி கூட இல்ல.

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு லயங்களும் இதே கணக்குதான். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு குடுக்கணும், ரிப்பேர் பாக்கணும்னு முதலாளி மேல பொறுப்பு வச்சுச்சு, அது நல்ல சட்டம்தான், ஆனா வீட்டை வேலையோட சேத்துக் கட்டிருச்சு. வேலைக்குப் போற ஆள் வீட்டுல இருக்குற வரைக்கும் வீடு, ரிட்டயர்ட் ஆனா சாவியைக் குடு. பல குடும்பத்துல மகனோ மகளோ படிச்சு வெளிய போக ஆசைப்பட்டும் லயம் கை விட்டுப் போயிரக் கூடாதுன்னே ஒருத்தர் எஸ்டேட்ல பேர் கொடுத்து நிக்கறதைப் பாத்திருக்கேன். வெளியூர்ல அந்த மாதிரி வீட்டுக்கு குடுக்கற வாடகையைப் பாத்தா மாசம் மூவாயிரமோ என்னமோ இருக்கும், ஆனா இவங்க அதுக்கு ஒரு ஆயுசையே குடுக்கறாங்க.

அப்புறம் கேரளால நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தப்ப உழுதவனுக்கு நிலம் கிடைச்சுச்சு, அடுத்தவங்க நிலத்துல குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரங்களுக்கு குடியிருந்த இடம் சொந்தமாச்சு, ஆனா ஒருத்தர் இவ்வளவு நிலம்தான் வச்சுக்கலாம்ங்கிற உச்சவரம்புல இருந்து தோட்ட நிலத்தை விலக்கி வச்சிட்டாங்க, தோட்டம் தோட்டமாவே இருக்கணும்னு. 1971-ல மூணாறுப் பக்கம் கண்ணன் தேவன் மலை நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுக்கற சட்டமும் வந்துச்சு, தேயிலை பயிரிட்ட பகுதியும் அதுக்கு வேண்டிய இடமும் கம்பெனி கையில நின்னுச்சு. இந்த எல்லா மாத்தத்துலயும் லயத்துல இருந்தவங்க பக்கம் பேனா திரும்பவே இல்ல. 2015-ல மூணாறுல பெம்பிளை ஒருமைன்னு பெண்கள் எழுந்து ரோட்டை மறிச்சாங்களே, போனஸ் கூலிதான் முதல் கோரிக்கை, ஆனா அவங்க பேசுனப்ப ஒத்த ரூம்ல மூணு தலைமுறை படுக்கற லயத்தைப் பத்தியும் பேசுனாங்க.

இடத்தோட ஆபத்தும் விலையில சேரணும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலை பக்கம் பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்கள் மேல விழுந்து 70 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் நம்ம தமிழ்ச் சனம். லயம் கட்டுனவங்க தண்ணி கிட்ட இருக்கணும், தோட்டத்துக்கு நடுவுல இருக்கணும்னு பாத்து கட்டுனாங்க, மேல இருக்குற சரிவை யாரு பாத்தா. மலைப் பக்கம் எந்தப் பழைய வரிசை வீடு பாக்கப் போனாலும் மழைக்காலத்துல ஒரு தடவை போங்க, பின்பக்க மண்திட்டுல இருந்து தண்ணி ஊறுதா, செவத்துல சாய்வா விரிசல் இருக்கா, பக்கத்துல ஓடை பழைய தடத்தை விட்டு ஓடுதான்னு பாருங்க.

சரி, ஒருத்தர் வந்து "லயம் வீடு, ரெண்டு லட்சம் குடுங்க, இருந்துக்கலாம்"னு சொன்னா அது என்ன? மூடிப்போன எஸ்டேட்ல இந்தப் பேச்சு வரும். அவர் விக்கறது வீட்டை இல்ல, தான் அங்க இருக்கறதை மட்டும்தான். வெள்ளைப் பேப்பர்லயோ முத்திரைத்தாள்லயோ எழுதிக் குடுத்தாலும் அது பதிவு ஆகாது, பேங்க் லோன் கிடையாது, நாளைக்கு எஸ்டேட் கைமாறுனா புதுசா வர்றவன் உங்களை யாருன்னு கேப்பான். தயவுசெஞ்சு அதுல பணம் போடாதீங்க.

பட்டயம்னு, அதாவது கேரளாவுல அரசாங்கம் நிலத்தைக் குடுத்ததுக்கான தாளைக் காட்டுனாலும் அதோட முடியல. தேவிகுளம் தாலுகாவுல 1999-ல குடுத்த ரவீந்திரன் பட்டயம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சொல்லி 2022 ஜனவரியில கேரளா அரசு 530 பட்டயத்தை ரத்து பண்ண உத்தரவு போட்டுச்சு. அதை நம்பி வீடு கட்டுனவங்க எவ்வளவு பேர். அதனால கேரளா பக்கம் வாங்குறீங்கன்னா ஆதாரம்னு அங்க சொல்ற பத்திரம், அதுக்கு முந்தின ஆதாரம், பட்டயம் எந்த விதியில குடுத்தது, வில்லேஜ் ஆபீஸ்ல போக்குவரவு (பேர் மாத்தம்) பண்ணி தண்டப்பேர்ங்கிற நிலவரிக் கணக்கு விக்கிறவர் பேர்ல இருக்கா, இந்த வருஷ கரம் (நிலவரி) கட்டுன ரசீது இருக்கா, இவ்வளவும் நேர்ல போய் பாக்கணும். இடுக்கியில நிறைய பட்டயம் வீடு கட்டவும் விவசாயம் பண்ணவும்னுதான் குடுத்தது, அங்க ஹோம்ஸ்டே நடத்தலாம்னு கனவோட வாங்குறவங்க அந்த நிபந்தனையை படிக்காம வாங்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம்னா தாய்ப்பத்திரம்னு சொல்ற பழைய மூலப் பத்திரம், சொத்து மேல கடன் அடமானம் இருக்கான்னு காட்டுற வில்லங்கச் சான்று, நிலம் யார் பேர்லன்னு சொல்ற பட்டா. வரிசை வீட்டுக்கு பெரும்பாலும் கூட்டுப் பட்டாதான் இருக்கும், எட்டு பேர் பேரும் ஒரே தாளுல, யாருக்கு எந்தப் பக்கம்னு அளந்து உட்பிரிவு பண்ணியிருக்க மாட்டாங்க. சர்வேயரை வச்சு அளந்து தனிப் பட்டா வாங்கிட்டா அதே வீட்டோட விலை ஏறும், ஏன்னா பேங்க் லோன் குடுக்க முன்வரும், லோன் கிடைக்கற வீட்டுக்குத்தான் வாங்க ஆள் வருவாங்க. வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி இந்த வேலையை முடிங்க.

வாங்குற செலவையும் கணக்குல வைங்க. தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, பத்து லட்சத்துக்குள்ள உள்ள சொத்தை பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறையுது, சின்ன வரிசை வீடு பெரும்பாலும் இதுக்குள்ள அடங்கும், அதனால வீட்டுக்காரம்மா பேர்லயே பதிங்க. எல்லை தாண்டி கேரளாவுல வாங்குனா முத்திரை 8, பதிவு 2. அரசாங்கம் வச்சிருக்கற விலையை இங்க வழிகாட்டி மதிப்புன்னும் அங்க நியாய விலைன்னும் சொல்லுவாங்க, அது வரி போடறதுக்கான அடிமட்டம், சந்தை விலை அதுக்கு மேல கீழ எங்க வேணா இருக்கும்.

சந்தைங்கிறது மனசு மாறுற விஷயம்கிறதுக்கும் இங்கிலாந்துலயே சாட்சி இருக்கு. 2002-ல அரசாங்கமே வடக்கு இங்கிலாந்துல பழைய வரிசை வீட்டுக்கு மவுசு இல்லைன்னு முடிவு பண்ணி ஒரு திட்டம் போட்டு தெருத்தெருவா காலி பண்ணி இடிச்சாங்க. லிவர்பூல்ல மேட்ரின் தெரு, பீட்டில்ஸ் குழுவுல டிரம்ஸ் வாசிச்ச ரிங்கோ ஸ்டார் பிறந்த வீடு இருக்கற தெரு, அதையும் இடிக்கற லிஸ்ட்ல வச்சாங்க. சனம் எதிர்த்து நின்னு 2015-ல அந்த இடிப்புக்கு அனுமதி மறுத்தாச்சு, அப்புறம் அந்தப் பகுதி வீடுங்களைச் சரி பண்ணி இப்ப ஆளுங்க குடியிருக்காங்க. அதே ஊர்ல 2013-ல காலியா கிடந்த வரிசை வீட்டை ஒரு பவுண்டுக்கு குடுத்தாங்க, சொந்தச் செலவுல ரிப்பேர் பண்ணி குடியிருக்கணும்ங்கிற நிபந்தனையோட. வேலை ஊரை விட்டுப் போனா விலை விழும், திரும்ப ஆள் வந்தா ஏறும், ஆனா ஏறும்போது அந்த லாபம் தாளுல பேர் உள்ளவனுக்குத்தான்.

கடைசியா எஸ்டேட்ல இன்னும் வேலையில இருக்கற அண்ணன்மார் அக்காமாருக்கு. லயத்துல சொந்தக் காசு போட்டு டைல்ஸ், சிமெண்ட் ஷீட்டு, எக்ஸ்ட்ரா ரூம்னு எடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, மழை ஒழுகுறதை அடைக்கறது வேற, அது உங்க நிம்மதிக்கு, ஆனா லட்சக்கணக்குல போட்டா அது திரும்பி வராது. கிராஜுவிட்டி, பிஎஃப் கைக்கு வரும்போது கீழ தேனிப் பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ தனிப் பட்டா உள்ள ரெண்டு மூணு சென்ட் வாங்கி வச்சுருங்க, வீடு பின்னாடி கட்டிக்கலாம். கேரளாலயே இருக்கணும்னா பஞ்சாயத்துல லைஃப் மிஷன்ங்கிற கேரளா அரசு வீட்டுத் திட்டப் பட்டியல்ல நிலமும் வீடும் இல்லாதவங்கன்னு உங்க பேர் இருக்கான்னு கேளுங்க, அதுல வீடு கட்ட நாலு லட்சம் குடுக்கறாங்க. வார்டு மெம்பரைப் பாத்து கேளுங்க, அப்ளிகேஷன் மலையாளத்துல இருந்தா படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க யாரையாவது கூட கூட்டிட்டுப் போங்க.